கோர்ட் படி எத்தனை முறை ஏற வேண்டும்?

கேள்வி:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 34. கல்யாணமாகி ஒன்பது வருடம். ஏழு வயதில் ஒரு பையன். கோயம்புத்தூரில் குடியிருந்தோம். மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. என் கணவருக்குத் தொழிலில் கடன் ஏறியது. வீட்டில் பேச்சு குறைந்து குறைந்து ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. பதினான்கு மாதமாகப் பையனோடு தாராபுரம் பக்கம் என் அப்பா வீட்டில் இருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். அவர் என்னை அடித்ததில்லை, குடிப்பதும் இல்லை. ஆனால் இனி சேர்ந்து வாழ முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

எனக்குப் போட்ட 42 பவுனில் 28 பவுன் மாமியாரிடம் இருக்கிறது. 14 பவுனை என் கணவர் தன் பெயரில் பேங்கில் அடகு வைத்திருக்கிறார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, லோன் ஓடுகிறது. 'மகளிர் ஸ்டேஷனில் வரதட்சணை கம்ப்ளெயின்ட் கொடு, நகை தானாக வரும்' என்கிறார் என் அண்ணன். 'கோர்ட்டுக்குப் போனால் மானம் போகும். நாலு பெரிய மனுசங்களை வைத்துப் பத்திரத்தில் எழுதி முடித்துக்கலாம்' என்கிறார் பெரிய மாமா. பக்கத்து வீட்டு அக்கா எட்டு வருடமாக வாய்தாவுக்கு அலைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கோர்ட் படி ஏறாமல் இதை முடிக்க வழி உண்டா? 'அப்பாவை எப்ப பார்க்கலாம்' என்று பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

– பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கோர்ட் படியே ஏறாமல் விவாகரத்து வாங்க முடியாது. இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வரும் கல்யாணத்தைக் கலைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா ஏறி இறங்கும் படி வேறு, நீங்கள் ஏற வேண்டிய படி வேறு. அவர் சண்டையைத் தீர்த்துக்கொள்ளக் கோர்ட்டுக்குப் போகிறார். நீங்கள் சண்டையை வெளியிலேயே தீர்த்துவிட்டு, தீர்ந்ததற்கு முத்திரை வாங்க மட்டும் போகலாம். இரண்டு பேரும் மனதார ஒத்துக்கொண்டு, எழுத வேண்டியதைச் சரியாக எழுதியிருந்தால் ஒருசில முறை போனாலே போதும்.

அந்த வழியைச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 'அவர் அடித்ததில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். இருந்தாலும் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அவருக்கு எதிரில் உட்கார்ந்து 'எனக்கு இது வேண்டும்' என்று உங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? உங்கள் சம்பளத்தின் ஏடிஎம் கார்டு யாரிடம் இருந்தது? அவர் குரல் உயர்ந்தால் உங்களுக்கு என்ன ஆகும்? பயம் இருக்கும் இடத்தில் சமரசப் பேச்சு நியாயமாக நடக்காது. பயந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். நான் சமரசம் பேசிய ஒரு இடத்தில் ஒரு பெண் எதைக் கேட்டாலும் 'சரிங்க, சரிங்க' என்றார். எல்லாம் சுமுகமாகப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோது தம்ளரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பேச்சை அங்கேயே நிறுத்தினோம். அவருக்கு வேண்டியிருந்தது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி ஒரு பாதுகாப்பு உத்தரவு. உங்களுக்கோ இதைப் படிக்கும் வேறு யாருக்கோ அப்படிப்பட்ட நிலை என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். இதற்குமேல் நான் எழுதுவதெல்லாம் பயமில்லாமல் பேசக்கூடிய இரண்டு பேருக்கு மட்டும்.

சரி, பெரிய மாமா சொல்லும் வழிக்கு வருகிறேன். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நூறு ரூபாய்ப் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நாலு பேர் சாட்சி போட்டு, நோட்டரி முத்திரையும் குத்திவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். நாளைக்கு அவரோ நீங்களோ மறுமணம் செய்துகொண்டால் அந்தக் கல்யாணம் செல்லாது. செய்துகொண்டவர் மேல் இருதார மணக் குற்றமும் வரும். சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் முறை உண்டு, சட்டமும் 29-ஆம் பிரிவில் அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கே ஒரு கேஸ் நடத்த வேண்டியிருக்கும்! பத்திரத்தில் 'தீர்த்துக்கொண்டு' பத்து வருடம் கழித்து, மறுமணமும் ஆகி, குழந்தையும் பிறந்த பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நான் தவித்திருக்கிறேன்.

அந்த நாலு பெரிய மனிதர்கள் காசு வாங்கிக்கொண்டோ, மிரட்டியோ தீர்ப்புச் சொல்லும் ஆட்களாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் பெரிய மாமாவை ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் கணவர் வீட்டில் யாருடைய வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது, யார் போய்ச் சொன்னால் அவர் பேச்சுக்கு வருவார் என்பது மாமா மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். கல்யாணத்தன்று என்னென்ன நகை போட்டார்கள் என்பதும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர்களைத் தீர்ப்புச் சொல்லவிடாமல் பாலமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொல்லும் வழியில் எனக்குக் கவலை அதிகம். வரதட்சணைக் கொடுமை உண்மையாக நடந்திருந்தால் புகார் கொடுக்கத்தான் வேண்டும், அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நகையை வரவழைப்பதற்காக நடக்காததை நடந்ததாக எழுதிக் கொடுப்பது தவறு. அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். மகளிர் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டு, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும் கட்டத்தில் விஷயம் இன்னும் கைக்குள் இருக்கும். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் கதை வேறு. வரதட்சணைக் கொடுமைக்கான பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. பின்னால் சமாதானம் ஆனாலும் நீங்களாக அதை வாபஸ் வாங்க முடியாது. இரண்டு பேரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும். உள்ளூர்க் கோர்ட் படிக்கே தயங்கும் நீங்கள் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டிவரும். வயதான மாமியார் பெயரும் புகாரில் இருந்தால், அதற்குப் பிறகு உங்கள் கணவர் எந்த மேசைக்கும் வந்து உட்கார மாட்டார்.

அப்படியானால் எங்கே போய்ப் பேசுவது? உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது, மாவட்ட அளவில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்கு எதுவும் போடாமலே, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. அவர்கள் உங்கள் கணவருக்குக் கடிதம் அனுப்பி இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, உங்கள் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. 'நான் வேலைக்குப் போகிறேனே, எனக்கெல்லாம் கொடுப்பார்களா' என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம்.

இன்னொரு இடம் நீதிமன்றங்களோடு சேர்ந்த சமரச மையம். 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியதுதான் நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம். அது நம் ஊரில் தொடங்கியது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது, கோயம்புத்தூரிலும் இருக்கிறது. பெரும்பாலும் வழக்குப் போட்ட பிறகு நீதிபதி அனுப்பித்தான் அங்கே போவார்கள். குடும்பத் தகராறுகளை வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்கவும் சமரச மையங்கள் இடம் கொடுக்க வேண்டும் என்று 2013-இல் கே. சீனிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கும்போதே, 'பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும்' என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கூண்டு கிடையாது, 'கனம் நீதிபதி அவர்களே' கிடையாது. ஒரு மேசை, சில நாற்காலிகள். சமரசர் முதலில் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவார். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார். நீங்கள் தனியாகச் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் கணவரிடம் சொல்ல மாட்டார். பேச்சு முறிந்து பின்னால் வழக்கானால், அங்கே பேசியதை யாரும் கோர்ட்டில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. 'வீட்டில் என் பங்கைக் குறைத்துக்கொள்கிறேன்' என்று அந்த அறையில் சொல்லிப் பார்த்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கட்டுப்படுத்தும். சமரசர் தீர்ப்புச் சொல்பவர் இல்லை. பிடிக்கவில்லை என்றால் எந்த நேரத்திலும் எழுந்து வந்துவிடலாம்.

முதல் ஒரு மணி நேரம் பழைய கதைதான் ஓடும். மாமியார் சொன்ன வார்த்தை, அவர் திருப்பிக் கேட்காதது, தலைத் தீபாவளிக்கு நடந்தது. ஓடட்டும். அதைச் சொல்லித் தீர்க்காமல் யாரும் கணக்குக்கு வர மாட்டார்கள். ஆனால் இரண்டாவது முறை போகும்போது கையில் காகிதங்கள் இருக்க வேண்டும். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், உங்களுக்கு இது சுலபம்.

முதலில் நகை. இதில்தான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உங்கள் பெற்றோர் உங்களுக்குப் போட்டது, கல்யாணத்தில் மற்றவர்கள் உங்களுக்குக் கொடுத்தது, மாப்பிள்ளை வீட்டார் உங்களுக்கென்று போட்டது எல்லாமே உங்கள் சொத்து. கணவர் வீட்டில் இருந்தால் அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் மட்டும்தான். 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆகவே 42 பவுனைத் திருப்பிக் கொடுப்பது அவர் உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை. 'நகையைத்தான் கொடுத்துவிட்டோமே, அப்புறம் என்ன ஜீவனாம்சம்?' என்ற பேச்சு கட்டாயம் வரும். உங்களுடையது உங்களுக்கு வருவது ஒரு கணக்கு, ஜீவனாம்சம் வேறு கணக்கு. இரண்டையும் ஒரே தொகையில் கலக்கவிடாதீர்கள்.

'42 பவுன்' என்று மட்டும் எழுதினால் போதாது. ஆரம் இத்தனை கிராம், வளையல் எத்தனை, அதன் எடை என்ன என்று உருப்படி உருப்படியாகப் பட்டியல் வேண்டும். கடை ரசீது இல்லையென்றால் கல்யாண ஆல்பத்தை எடுத்துவைத்துப் பாருங்கள். தொகையைப் போடாமல் எடையைப் போடுங்கள். ஒரு ஒப்பந்தத்தில் நகைக்குப் பதில் பணம் என்று ரூபாய்க் கணக்கில் எழுதிவிட்டார்கள். பணம் கைக்கு வருவதற்குள் தங்கம் விலை எங்கேயோ போய்விட்டது, அந்தப் பெண்ணால் பாதி நகைகூடத் திரும்ப வாங்க முடியவில்லை. அடகில் இருக்கும் 14 பவுன் என்பது 112 கிராம். அடகு ரசீது எண், எந்தத் தேதிக்குள் அவர் மீட்டுத் தர வேண்டும், ஏலத்துக்குப் போனால் அதே எடைக்கு நகையாகவே தர வேண்டும் என்பது வரைக்கும் எழுத வேண்டும். தாலிக்கொடியை யார் வைத்துக்கொள்வது என்பதையும் எழுதிவிடுங்கள். சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எல்லாம் பேசி முடித்த பிறகு இந்த ஒன்றில் எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் என்ன ஒப்பந்தம் போட்டாலும் பேங்க்கை அது கட்டுப்படுத்தாது. 'இனி இ.எம்.ஐ. முழுவதும் நானே கட்டுகிறேன்' என்று அவர் எழுதிக் கொடுத்து, பிறகு கட்டாமல் விட்டால் உங்கள் சம்பளத்துக்கும் சிபிலுக்கும் (பேங்க் கடனுக்குப் பார்க்கும் மதிப்பெண்) தான் அடி. அவர் வீட்டை வைத்துக்கொள்வதாக இருந்தால் லோனை அவர் பெயருக்கு மட்டும் மாற்றி, உங்களைக் கடனிலிருந்து விடுவித்ததாக பேங்க்கிடம் எழுத்தில் வாங்க வேண்டும். உங்கள் பங்குக்கான தொகை வந்த பிறகுதான், அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். அந்தப் பதிவை விவாகரத்து உத்தரவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு, விவாகரத்து ஆன பிறகு நீங்கள் அந்தக் கணக்கில் வர மாட்டீர்கள். அவருடைய தொழில் கடனுக்கு எங்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். விவாகரத்து அந்தக் கையெழுத்தை அழிக்காது.

ஜீவனாம்சம் எவ்வளவு கேட்கலாம் என்று நான் ஒரு தொகை சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சாகிவிடும். அவருடைய வருமானமும் கடனும் தெரியாமல் தொகை சொல்ல முடியாது. 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு படிவத்தையே கொடுத்தது. அந்தப் படிவத்தைச் சமரசப் பேச்சிலேயே இரண்டு பேரும் நிரப்பிக்கொண்டு வாருங்கள். மறைத்துவைத்துப் பேசுவது குறையும். நீங்கள் சம்பாதிப்பதால் உங்களுக்காக எதுவும் கேட்காமல் விடலாம், அது உங்கள் முடிவு. ஆனால் பையனுக்கான செலவை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அது அவனுடைய உரிமை.

பையனைப் பற்றி எழுதும் பக்கம்தான் அந்த ஒப்பந்தத்திலேயே நீளமான பக்கமாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. 'குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை பார்த்துக்கொள்ளலாம்.' எப்போது பார்க்கலாம், எங்கே பார்க்கலாம், யார் கொண்டுவந்து விடுவது? இது எழுதாததால் வரும் சண்டை விவாகரத்துக்குப் பிறகும் ஓயாது. யார் இயற்கைக் காப்பாளர் என்ற விவாதத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே முதல் என்கிறது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மாதத்தில் எந்தெந்தச் சனி ஞாயிறு அவன் அப்பாவோடு இருப்பான், பெரிய லீவில் எத்தனை நாள், தீபாவளி ஒரு வருடம் இங்கே என்றால் பொங்கல் அங்கேயா, அவர்கள் குலதெய்வக் கோயில் நோம்பிக்கு அவன் போவானா, பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு பேரும் வரலாமா, இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுங்கள். தாராபுரத்துக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் யார் கூட்டிக்கொண்டு போய் யார் திருப்பிவிடுவது என்பதையும் சேர்த்துத்தான். பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, வருடா வருடம் எவ்வளவு கூடும், உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, பாஸ்போர்ட் எடுக்க வேண்டிவந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், எல்லாம் அதில் வரட்டும். அவன் வளர வளர இதெல்லாம் மாறும். மாற்ற வேண்டியிருந்தால் பின்னால் நீதிமன்றத்திடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 'உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?' என்று யாரும் அவனைக் கேட்கக் கூடாது. நீங்களும், அப்புச்சியும், அந்தப் பக்கம் அப்பத்தாவும்.

பேசி முடித்ததை எப்படிச் சட்டமாக்குவது? இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட வெறும் ஒப்பந்தம் வீட்டுப் பீரோவில் இருந்தால், மீறும்போது மறுபடி வழக்குத்தான் போட வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் வைத்து ஒரு விஷயத்தை முடித்தால் அந்த உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. பண விஷயத்துக்கு அது நல்ல வழி. ஆனால் உங்களுக்கு விவாகரத்தும் வேண்டும் என்பதால், இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இரண்டு பேரும் சேர்ந்து பரஸ்பர சம்மத மனுப் போட வேண்டும். நகைப் பட்டியல் உட்பட மொத்த ஒப்பந்தத்தையும் அந்த மனுவோடு இணைத்து, அதை உத்தரவின் ஒரு பகுதியாக ஆக்கும்படி கேளுங்கள். கடைசியாகச் சேர்ந்து குடியிருந்தது கோயம்புத்தூர் என்பதால் அங்கே குடும்ப நல நீதிமன்றத்தில் போடலாம். நீங்கள் இப்போது இருக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலும் போடலாம்.

அந்த மனுவுக்கு ஒரு வருடமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து மறுபடி இரண்டு பேரும் வந்து 'ஆமாம், இதே முடிவுதான்' என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு, மனுப் போடும்போதே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும், சேர்த்துவைக்கும் முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். உங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். அவசரப்படாமல் நாலு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்தால் சரியாக 18 மாதம் ஆகியிருக்கும். முதல் முறை ஆஜராகி ஒரு வாரம் கழித்துத் தள்ளுபடி மனுப் போடலாம். கிடைத்தே தீரும் என்று நான் உறுதி தர முடியாது, நீதிபதியின் முடிவு அது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடைசி உத்தரவு வரும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 1991-இலேயே சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆகவே கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கட்டமாக இருக்கட்டும். மாமியாரிடம் இருக்கும் 28 பவுன் மனுப் போடும் அன்றே எடை போட்டுக் கைக்கு வரட்டும். அடகு நகையும் பணமும் இரண்டாவது முறை ஆஜராவதற்குள் வரட்டும். பணம் நீதிபதி முன்னால் டி.டி.யாக வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. 'டைவர்ஸ் ஆகட்டும், அப்புறம் தருகிறேன்' என்பதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கும் இதே பயம் இருக்கும், பணத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் மாறிவிடுவீர்களோ என்று. இரண்டு கட்டமாக வைப்பது அவருக்கும் நிம்மதி.

வக்கீல் விஷயத்தில், ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் எழுதித் தருகிறேன் என்றால் செலவு மிச்சம் என்று தோன்றும். யார் எழுதினாலும் சரி, கையெழுத்துப் போடும் முன் உங்கள் பக்கத்து வக்கீல் ஒருவர் முழுவதையும் வாசிக்க வேண்டும். சட்டப்பணிகள் குழுவிலேயே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். பேச்சைத் தொடங்குவதற்குள் 'முதலில் ஒரு கேஸ் போட்டு வைப்போம், அப்புறம் பேசலாம்' என்று அவசரப்படுத்தும் வக்கீல் உங்கள் நிலைமைக்கு ஏற்றவர் இல்லை.

மனுக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. கோர்ட் வளாகத்திலிருந்து திடீரென்று கடிதம் வந்தால் உங்கள் கணவர் 'என்மேல் கேஸ் போட்டுவிட்டாள்' என்றுதான் நினைப்பார். மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிடுவார். அதற்கு முன்பே நீங்கள் ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்: 'நகை, வீடு, பையன், மூணு விசயத்தையும் சண்டை இல்லாம உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாம்னு நினைக்கிறேங்க. சட்டப்பணிகள் குழுவில எழுதிக் குடுக்கப் போறேன். அங்கிருந்து உங்களுக்கு ஒரு லெட்டர் வரும். அது கேஸ் இல்லீங்க, பேச்சுக்குக் கூப்பிடறதுதான். வந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லது.' இதில் பழைய கணக்கு எதையும் சேர்க்க வேண்டாம். அவர் கோபமாகப் பதில் போட்டால் அன்றைக்கே பதிலுக்குப் பதில் அனுப்பாமல் இரண்டு நாள் விடுங்கள்.

பையன் கேட்பதற்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பேச்சு முடியட்டும், காகிதம் எழுதட்டும் என்று அதைத் தள்ளிவைக்காதீர்கள். பதினான்கு மாதம் ஏழு வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரிய காலம்! மேலே சொன்ன செய்திக்கு முன்பே, அதோடு சேர்க்காமல் தனியாக, அவருக்கு இன்னொன்று அனுப்புங்கள்: 'பையன் உங்களைக் கேக்கறானுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை தாராபுரம் வந்து அவனைப் பாக்க முடியுமா?' வீட்டுக்கு வர அவருக்குச் சங்கடமாக இருந்தால் ஏதாவது கோயிலோ பூங்காவோ போதும். அண்ணனை அன்றைக்கு அங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் வருவதாக உறுதியாகச் சொன்ன பிறகு மட்டும் பையனிடம் சொல்லுங்கள், 'ஞாயித்துக்கிழமை காலையில அப்பா வர்றார்' என்று.